டிக்கியில் போன பயணம்

"நான் டிக்கியில படுத்தா மட்டும் சத்தம் நின்னுடுதுண்ணா."

பேரிகை ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவன், பக்கத்தில் இருந்த தலைப்பாகைக்காரரிடம் சொன்னான்.

"என்ன சத்தம்?"

"எஜமான் காருக்குப் பின்னால கடகடங்குது. எங்கிருந்து வருதுன்னு கேட்டுச் சொல்லுடான்னு என்னை உள்ள படுக்க வெச்சாரு. படுத்தா நின்னுடுது, எறங்குனா வருது."

"ராகி மூட்டை ஒண்ணு போடறது?"

"போட்டும் நிக்கல. நேத்து பெங்களூருக்குப் பொண்ணு பாக்கப் போனாங்க. சத்தத்தோட போனா மானம் போயிடுமாம். டிக்கி மூடியைக் கயித்துல தூக்கிக் கட்டி, என்னையும் படுக்கப் போட்டுக்கினு போனாங்க."

"அட, நீ பெங்களூரு பாத்ததே இல்லையே! எப்படி இருக்குது?"

அவன் ஜன்னல் வழியே மேலே பார்த்தான்.

"மல்லாந்து படுத்திருந்தேனா, வானம் மட்டும்தான் தெரிஞ்சுது. ரொம்பப் பெரிய ஊருண்ணா."