சேர்வரைத் தொட்ட கை

மக்டலீன்: ...அதைத்தான் சொல்லுறன். முந்தி கொம்பியூட்டரில ஒரு ஓடரைத் தேடினா தேத்தண்ணி ஆறுமட்டும் சுத்தும். இப்ப தட்டின உடனே வருது. நல்லதுதானே?

எமில்: நல்லதுதான். ஆர் செய்தது எண்டுதான் கேக்கிறன்.

மக்டலீன்: எத்தினைதரம் சொல்லுறது... ஸ்ரீதரன்.

எமில்: கெல்சென்கிர்ச்சனில கொம்பியூட்டர்க்கடை வச்சிருக்கிற ஸ்ரீதரன்?

மக்டலீன்: ஓம்.

எமில்: எங்கட ஒஃபிஸில டேட்டாபேஸ் பாக்கிறவன் நான். அடுத்த அறையில இருக்கிற என்ர மனுசி, நீர், வெளியாளைக் கூட்டிக்கொண்டு வாறீர்.

மக்டலீன்: குளிர்காலம் முழுக்க உங்களிட்டைக் கேட்டன். நாளைக்கு, நாளைக்கு எண்டீங்கள். ஓடர் எடுக்கிற என்னையெல்லோ சனம் ஃபோனில ஏசுது.

எமில்: சரி... என்ன செய்தவராம் உம்மட ஸ்ரீதரன்?

மக்டலீன்: என்ர ஸ்ரீதரனோ... நீங்கள் இன்ஸ்டோல் பண்ணேக்க டேட்டாபேஸ் தானாத் தந்த அளவை அப்பிடியே விட்டிட்டீங்களாம். அவ்வளவு பெரிய மெஷினில டேட்டாபேசுக்குத் துளி மெமரிதான். அதைக் கூட்டினவர்.

எமில்: கூட்டினாப் போதாது. நிப்பாட்டித் திருப்பித் தொடக்கவேணும்.

மக்டலீன்: அதுதான் சனிக்கிழமை செய்தது. ஒருத்தருக்கும் வேலையில்லை.

எமில்: கதவு ஆர் திறந்தது?

மக்டலீன்: நான்.

எமில்: ஓகோ. நீரும் அவரும்... தனிய.

மக்டலீன்: சேர்வரும் இருந்தது.

எமில்: பகிடி விடாதையும். தேத்தண்ணியும் போட்டுக் குடுத்திருப்பீர்.

மக்டலீன்: குடுத்தன். இஞ்சி போட்டு.

எமில்: எனக்கு இஞ்சித் தேத்தண்ணி தந்து எவ்வளவு காலம்... சரி, சோர்ட் பண்ணுற, வரிசைப்படுத்திற மெமரியையும் ஏத்தினவரோ?

மக்டலீன்: கொஞ்சம்தான். அது ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா எடுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில தேடினா மெஷின் படுத்திடும்.

எமில்: வடிவா விளங்கியிருக்கு உமக்கு.

மக்டலீன்: நானும் உங்களோட ஒரே வாங்கில இருந்து ஆஸ்பில்டுங், இந்தத் தொழிற்படிப்பு, படிச்சனான். மறந்திட்டீங்களோ?

எமில்: நாளைக்கு முதலாளி கேப்பார். செய்த ஆளிட்டைத்தான் இனி சேர்வரைக் குடுக்கப்போறாராம். பிறகு எனக்குக் களஞ்சியத்திலதான் வேலை. ஸ்ரீதரன் எண்டு சொல்லட்டோ?

மக்டலீன்: ...சொல்லுங்கோ.

எமில்: அவனை நினைக்க எனக்கு வயிறு எரியுது. என்ர வேலையையும் எடுத்து, மனுசியையும்...

மக்டலீன்: இஞ்சேருங்கோ, அதுக்கு மேல ஒரு சொல் கதைக்காதேங்கோ. ஸ்ரீதரன் வரேல்லை. ஒருத்தரும் வரேல்லை. நான்தான் செய்தன். உங்களுக்கு நோகுமெண்டுதான் அவரின்ர பேரைச் சொன்னனான்.

எமில்: தெரியும். நேற்று ட்ராமில அவரைக் கண்டனான். எங்கட ஒஃபிஸ் வாசலே மிதிக்கேல்லை எண்டவர்... அவர்தான் எண்டு நீர் கடைசிமட்டும் சொல்லியிருந்தா, வெளியாளிட்டைத் தோத்தன் எண்டு எனக்குத் தாங்கியிருக்கும்.