எட்டில் ஒரு பங்கு மிச்சம்

— கதவத் தொறக்கமாட்டேன்னா தொறக்கமாட்டேன் அத்தான், பிள்ளையத் திரும்ப வாசுதேவநல்லூருக்கு உங்க அக்கா வீட்டுக்கே...

— எங்கன கொண்டுபோக காளி? இருவத்தோரு நாள்னுதானட்டி டாக்டர் சொன்னாரு, இன்னைக்கு இருவத்திநாலு...

— என்னையப் பேச விடுங்க!

— நீ பேசிப்பேசியே மூணு நாளு கூட ஓடிட்டு, பாத்துக்க. ஸ்வாதி வாசல்ல ஆட்டோவுல இருக்கா, எங்க அக்கா மடியில. சாரல் வேற விழுது. அம்மைய எங்க, அம்மைய எங்கன்னு வழி பூரா கேட்டுக்கிட்டு வந்துருக்கா. மூணு வயசுப் பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல?

— அம்மைக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. முதல்ல ஜன்னல விட்டுத் தள்ளி நில்லுங்க.

— கழுத்துக் கட்டிய வெட்டி எடுத்தாச்சு. ஒட்டிக்கிட்டுக் கெடந்ததப் பொசுக்க மாத்திரையும் குடுத்தாச்சு. பொறவும் பழம் பழுக்கப் போடுத ரூமுக்குள்ள அடைஞ்சு கெடந்தா எப்படி?

— அந்த மாத்திரை வந்த விதத்த நீங்க பாக்கல அத்தான். ஈய டப்பாவுக்குள்ள இருந்து நீள இடுக்கியால எடுத்து நீட்டுனா நர்ஸு. நான் முழுங்குனதும் வெளிய போயி கதவச் சாத்திட்டா.

— அப்படி என்னதான் இருந்துச்சு அதுக்குள்ள?

— அயோடின். நம்ம உப்புப் பாக்கெட்டுல இருக்குல்லா, அந்த அயோடின்.

— உப்புல கெடக்கதுக்கா இடுக்கி?

— அதேதான், ஆனா அது இல்ல. ரெண்டுலயும் அணுவுக்கு நடுவுல அம்பத்திமூணு புரோட்டான். வெளிய சுத்துத எலக்ட்ரானும் அம்பத்திமூணு. ரெண்டு, எட்டு, பதினெட்டு, பதினெட்டு, கடைசிச் சுத்துல ஏழு. இம்மி பிசகாது. நடுவுல நியூட்ரான் மட்டும் மாத்திரையில உள்ளதுக்கு நாலு கூட. உடம்பு வெளிச்சுத்தப் பாத்துத்தான் ஆள அடையாளம் கண்டுக்கிடும். கழுத்துல ஒளிஞ்சிருந்த நோயும், ‘நம்ம அயோடின்தான், வா’ன்னு உள்ள கூட்டிக்கிட்டு. உள்ள போன பொறவுதான் அது வெடிக்கி.

— ஏயம்மா! வீட்டாளு மாதிரியே வந்து, உள்ள இருந்து வேலையக் காட்டிட்டா?

— பதினோரு வருசமா பள்ளிக்கூடத்துல இதப் போர்டுல எழுதி எழுதி அழிச்சிருக்கேன் அத்தான். எனக்குள்ளயே நடக்கும்போதுதான் உடம்பு சிலுத்துட்டு.

— எனக்கும்தான் சிலுக்குது. கும்புடணும் போல இருக்கு, பாத்துக்க. பொறவு அதுக்கு எதுக்கு நீ பயப்படுத?

— எட்டு நாளுக்கு ஒருக்கா பாதியாக் கொறையும். முத எட்டுல பாதி, அடுத்த எட்டுல கால், இன்னைக்கு எட்டுல ஒரு பங்கு மிச்சம். அதுல பாதி, அந்தப் பாதியில பாதி... கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன், சைபரே வரமாட்டேங்கு. ஸ்வாதி கழுத்து எம்புட்டுக் கழுத்து அத்தான்! அதுக்கும் வெளிச்சுத்து மட்டுந்தான தெரியும்?

— மிசின வச்சுப் பாத்துத்தான வீட்டுக்கு அனுப்புனாங்க? முக்காவாசி மூத்திரத்துலயே போயிட்டுன்னு சொன்னாங்கள்லா? டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டாக்கும்.

— உங்களுக்குப் புரியாது.

— ஏன் புரியாது? இந்த ரூமுலயே பழுத்தது ஒண்ணு கெடந்தா, தொடாமலே சுத்திக் கெடக்க காயெல்லாம் பழுத்துரும். அந்த மாதிரி உங்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போயிரும்னு பயப்படுத. குத்தாலத்துல இருவது வருசமாப் பழம் விக்கேன்ட்டி நான்.

— அதுவும் இதுவும் ஒண்ணில்ல. ஆனா பயம் அந்தப் பயந்தான்.

— சரி, இந்தா. இந்த நேந்திரம்பழத்தையாவது தின்னு. முகமே வத்திப்போச்சு.

— அதுலயும் இருக்கு.

— எது?

— வெடிக்க சாதி. பழத்துல பொட்டாசியம் இருக்குல்லா, அதுல பத்தாயிரத்துல ஒண்ணு இப்படி.

— ஏளா! சீசனுக்கு வாரவங்களுக்கு இருவது வருசமா வெடியவா வித்துருக்கேன்?

— பயப்படாதிய. ரொம்பச் சன்னம். பாலுல இருக்கு, கீரையில இருக்கு. திங்குத உடம்பு எல்லாத்துலயும் இருக்கு. இப்ப நீங்க நிக்கீங்கள்லா, உங்களுக்குள்ளயே செகண்டுக்கு நாலாயிரம் வெடிக்கும்.

— எனக்குள்ளயா?

— இந்தா, நீங்க கேட்டு முடிக்கதுக்குள்ள இன்னொரு நாலாயிரம் ஆயிட்டு.

— நெஞ்சுல கை வச்சுப் பாக்கேன், ஒண்ணும் தெரியலயேட்டி!

— தெரியாது. பூமி உண்டாகதுக்கு முன்னயே நட்சத்திரத்துல வெந்த சரக்கு அது. மண்ணுல கெடந்து, பயிருல ஏறி, நமக்குள்ள வந்துட்டு. பொறக்கதுக்கு முன்னயே, அம்மை ரத்தத்துல இருந்து பிள்ளைக்குப் போயிரும். எல்லாரும் உள்ளுக்குள்ள மினுங்கிக்கிட்டேதான் திரியுதோம்.

— எல்லாரும்னா? எங்க அக்காளுமா? அந்த ஆட்டோக்காரனுமா?

— ஆமா. அவனுந்தான்.

— ஸ்வாதி?

— அவளும்தான்.

— அப்போ பத்து மாசம் உன் வயித்துக்குள்ளயே கெடந்து மினுங்குனாளே, காளி, அன்னைக்கு அவளுக்கு நீ பயந்தியா?