முன்வயல் பாதையில் வெட்டிய வாய்க்கால் குறித்து

ஊரில் என்னைப் பின்வயல்காரன் என்பார்கள். வயது நாற்பத்தொன்று. தொழில் விவசாயம். சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் என் வயலிலேயே வீடு கட்டி, மனைவியோடும் தம்பியோடும் குடியிருக்கிறேன். இந்தக் காவல் நிலையத்தில் எங்கள்மேல் புகார் கொடுத்த, சாலையோர முன்வயல்காரர் என் மனைவியின் அண்ணன்.

அரசாங்கம் சாலை போடுவதற்கு முன்பிருந்தே என் மாட்டுவண்டி அவருடைய வயலின் நடுவே உள்ள பாதையில்தான் போய் வந்தது. எனக்கு வேறு வழி கிடையாது. சாலை வந்தபின் அவருக்கு நிலத்தின்மேல் ஆசை கூடிவிட்டது. பாதையின் குறுக்கே ஆழமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார். கேட்டதற்கு, "நடந்து போகத்தான் பலகை போட்டிருக்கேனே மாப்பிள்ளை, உங்க காளைக்குப் பாலம் வேற கட்டணுமா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் கொடுத்த வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சம்பவத்தன்று காலை என் மனைவி வைக்கோல்போர் மேலிருந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. தொட்டாலே அலறினாள். அதன்பின் அவளை வண்டியில் அசையாமல் படுக்கவைத்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வாய்க்கால் கரையில் வண்டி நின்றுவிட்டது. அதன்பின் நானும் தம்பியும், வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி மாற்ற வந்திருந்த கொல்லுப் பட்டறைக்காரரும் காளைகளை அவிழ்த்து, வண்டித் தட்டுக்கு முட்டுக்கொடுத்து, சக்கரங்களையும் அச்சையும் கழற்றி, அக்கரைப் பாதையும் சேறாகிக் கிடந்ததால் காளைகளோடு சாலையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அதன்பின் அவள் படுத்திருந்த தட்டைத் தூக்கப் பார்த்தோம். மூன்று மூலை எழுந்தது, நான்காவது எழவில்லை.

அப்போது புகார்தாரர் தடியோடு ஓடிவந்து, "எவன்டா என் பயிர்ல வண்டிய இறக்குறது?" என்று கத்தினார். அதன்பின்தான் தங்கையைப் பார்த்தார். அவள், "கத்தாதண்ணே, உயிர் போகுது. கால்பக்கம் பிடி" என்றாள். அவர் தடியைப் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கால்பக்கத்து மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டார். சாலை வரும்வரை அழுதுகொண்டேதான் வந்தார். நடுநடுவே, "பார்த்து மிதிங்கடா, கதிர் வர்ற நேரம்டா பாவிங்களா" என்று எங்களைத் திட்டவும் செய்தார். சாலையில் சக்கரம் மாட்டி நாங்கள் கிளம்பினோம்.

அவளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பழையபடி நடப்பாளா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. புகார்தாரர் தினமும் மாலையில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னோடு பேசுவதில்லை.

நான்கு பேர் அத்துமீறி நுழைந்து பயிரை மிதித்ததாகப் புகாரில் உள்ளது. மிதித்தது உண்மை. நான்கு பேர் என்பதும் உண்மை. மூன்று பேரைத்தான் அவர் அடையாளம் சொல்லியிருக்கிறார். நான்காவது ஆள் அவர். அவர்மேல் எந்த நடவடிக்கையும் எனக்கு வேண்டாம். வாய்க்காலைத் தூர்த்து, வண்டி போகப் பாதையைத் திறந்துவிட்டால் போதும். அடுத்த தடவை நான்காவது மூலையைத் தூக்க அவர் வீட்டில் இல்லாமல் போகலாம்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. கூட்டியும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.

ஒப்பம்: பின்வயல்காரன்