‘நான்தான்’ என்றால் திறக்கக் கூடாது

மண்வெட்டி வீட்டில் இருக்கிறவரை அதைப் பற்றி ஒருவரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. காணாமல் போன மறுநாள்தான் அது அப்பா காலத்து மண்வெட்டி ஆகும். அந்த மாதிரிப் பிடி இனி எந்த மரத்திலும் விளையாது என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாம் ஆரம்பித்தது அப்படி ஒரு மண்வெட்டியில் என்பதால், ஐயா, அங்கிருந்தே சொல்கிறேன். நீங்கள் கேட்பது என் தங்கை புருஷனைப் பற்றி என்று தெரியும். அவரிடமும் வருகிறேன். அவர் இனி எங்கேயும் போய்விடப் போவதில்லை.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். ஊரில் பாதி கேட்டும் முக்கால்வாசி ஜன்னல் கம்பியும் என் கைவேலை. இருந்தும் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ வெல்டிங்கு" என்பார்கள், என்னவோ நான் ஆள் இல்லை, ஒரு புகை என்பதுபோல. கோபப்பட்டதில்லை. சிரித்துக்கொண்டே போவேன். சிரிக்கிற ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பின்னால் ரொம்ப உதவியாக இருந்தது.

வயல் ஓரமாக ஆளுக்கொரு தகரக் கொட்டகை உண்டு. மோட்டார், கயிறு, பூச்சிமருந்து, மண்வெட்டி எல்லாம் அதற்குள் கிடக்கும். கதவை ஒரு கம்பியால் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படி இருந்த ஊரில் ஒரு மண்வெட்டி போனது. பிறகு ஒரு கயிற்றுச் சுருள், அதற்கப்புறம் அரை டின் டீசல். இந்த ஆரம்பத் திருட்டுகள் நானில்லை. செய்யாததையும் ஒப்புக்கொள்கிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது.

பால் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும், தலைவராக யார் இருப்பது என்று கோழிப்பண்ணைக்காரர் கேட்டதும் அத்தனை பேரும் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் அந்த நேரம் பார்த்துத் தும்மலுக்காகத் தலையைத் தூக்கினேன். அப்படித்தான் தலைவரானேன். பெரிய பதவிகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

மறுநாள் காலை டீக்கடைக்காரர் "வாங்க தலைவரே" என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த டீயை நான் குடிக்கவே இல்லை. ஆறுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேலையை வேலையாகச் செய்தேன். எல்லாக் கொட்டகைக்கும் தாழ்ப்பாள் வைத்தேன். கோழிப்பண்ணைக்காரரின் கொட்டகையில் இருந்த ஒரே ஜன்னலைத் தகடு வைத்து அடைத்து வெல்டிங் செய்தேன். காற்று வர வழியில்லையே என்றார் அவர். திருடனும் அதே வழியில்தான் வருவான் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலைவர் சொன்னால் எதுவும் யோசித்துச் சொன்னதுபோலத்தான் கேட்கும்.

பிறகு கூட்டத்தில் விதிகள் போட்டேன். அதில் முக்கியமானது ஒன்று. நம் ஊரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "யாரு?" என்று கேட்டால், யாராக இருந்தாலும் "நான்தான்" என்றுதான் பதில் வரும். மாமனார் வந்தாலும் நான்தான், மளிகைக்காரர் வந்தாலும் நான்தான். திருடனும் அதையேதான் சொல்லப் போகிறான். ஆகவே கொட்டகைக்குள் சத்தம் கேட்டால் வெளியே நின்று யாரு என்று கேட்க வேண்டும். ‘நான்தான்’ என்று பதில் வந்தால் திறக்கக் கூடாது. குழுவைக் கூட்டி, போலீஸையும் அழைத்துவந்த பிறகே திறக்க வேண்டும்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பின்ன எப்படிச் சொல்றது மச்சான், நீதான்னா?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அது என் தங்கை புருஷன்.

ஊரில் அவருக்கு இரவல் மாப்பிள்ளை என்று பேர். ஏணி, கத்தரிக்கோல், குடை, எல்லாம் யாரிடமாவது வாங்கிக்கொண்டு போவார். கல்யாணத்தன்று அவர் போட்டிருந்த சட்டைகூட என்னுடையதுதான். என் தங்கையை மட்டும்தான் திருப்பித் தருகிறேன் என்று சொல்லாமல் கூட்டிப்போனார். ஆனால் எடுத்ததைத் திருப்பித் தராமல் இருந்ததே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடை கிழிசல் தைத்து வரும். கத்தரிக்கோல் சாணை பிடித்து வரும். அவருக்கு மூச்சு இழுப்பு உண்டு. அடைத்த அறையில் அவரால் இருக்க முடியாது. குளிர்காலத்திலும் வாசலில்தான் படுப்பார், கூட்டம் என்றாலும் வாசற்படியில்தான் நிற்பார், என் பட்டறைக்கு வந்தாலும் ஷட்டருக்கு வெளியே நின்றுதான் பேசுவார். இது எனக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்ததே நான்தானே.

குழு நன்றாக வேலை செய்தது. அதுதான் சிக்கல். திருட்டு நின்றுவிட்டது. அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வந்தார்கள், அதற்கடுத்ததற்கு நானும் பால் சங்கக் காவலாளியும் வந்தோம். கோழிப்பண்ணைக்காரர் தாழ்ப்பாளைப் போடச் சோம்பல்பட்டுக் கதவுக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். ஒரு நாள் டீக்கடைக்காரர், "என்ன வெல்டிங்கு, டீயா காபியா" என்றார்.

ஊர் அசட்டையாக இருக்கிறது என்று எனக்குக் கவலை வந்தது. ஆகவே ஒரு சிறு பயிற்சி வைத்தேன். ஒரு கொட்டகையிலிருந்து மோட்டார் ஒயரை எடுத்துவந்தேன். இன்னொன்றிலிருந்து தராசு. கோழிப்பண்ணைக்காரரிடமிருந்து மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர். நான் வைத்த தாழ்ப்பாளை நானே திறப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, கொஞ்சம் வெட்கமாக மட்டும் இருந்தது, இன்னும் நல்ல தாழ்ப்பாளாக வைத்திருக்கலாமே என்று. எல்லாவற்றையும் பட்டறை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடினேன். விற்கிற எண்ணமே கிடையாது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். அந்த ஊரிலேயே பாதுகாப்பான இடம் அதுதான்.

கூட்டம் மறுபடி நிரம்பி வழிந்தது. நாற்காலி போதவில்லை.

ஒரு நாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது மாப்பிள்ளை குறடு கேட்டு வந்திருக்கிறார். நான் இல்லையென்று தானே உள்ளே போய்த் தேடியிருக்கிறார். திரும்பி வந்தால் வாசலில் நிற்கிறார், முகம் ஒரு மாதிரி இருக்கிறது. தார்ப்பாய் நான் மூடின மாதிரி இல்லை. இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினோம். கடைசியில் சாவகாசமாகக் கேட்டார்.

"மச்சான், அந்தத் தராசை நான் இரவல் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு மாப்பிள்ளை?"

"சும்மாதான். வேலை முடிஞ்சதும் இருக்கவேண்டிய இடத்துல வெச்சிடறேன்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அடுத்த நாள் தராசு அதன் சொந்தக்காரர் கொட்டகையில் இருந்தது, துரு துடைத்து, எண்ணெய் போட்டு. பிறகு வந்து ஒயரைக் கேட்டார். அதுவும் அதன் இடத்துக்குப் போனது. ஊர் மதியச் சாப்பாட்டுக்கு அடங்கியிருக்கும் நேரம் பார்த்து வைத்துவிட்டு வருவார் போல. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. குத்திப் பேசவில்லை. என் தங்கையை விட்டு எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார்.

ஐயா, உங்கள் உத்தியோகத்தில் எத்தனையோ திருடனைப் பார்த்திருப்பீர்கள். திருப்பி வைக்கிறவனைச் சமாளித்திருக்கிறீர்களா? ஊர் என்ன சொன்னது தெரியுமா? திருடன் மனம் திருந்திவிட்டான், இனிமேல் குழு எதற்கு, கலைத்துவிடலாம் என்றது. கோழிப்பண்ணைக்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னார், "ஸ்ப்ரேயரும் வந்துடுச்சுன்னா முடிச்சுக்கலாம் வெல்டிங்கு. நீயும் உன் பொழப்பைப் பாரு."

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வந்து ஸ்ப்ரேயரைக் கேட்டார். கடைசிப் பொருள். கொடுத்தேன். தோளில் மாட்டிவிட்டதும் நான்தான்.

மறுநாள் காலை கோழிப்பண்ணைக்காரரின் கொட்டகைக்குப் புதிய தாழ்ப்பாள் வைத்தேன். அன்று அவர் ஊரில் இல்லை. ரொம்ப நாளாக என் மனதில் இருந்த டிசைன். ஆள் உள்ளே போனதும் ஸ்ப்ரிங் கதவை இழுத்துச் சாத்தும், வெளியே கொண்டி தானாக விழும். வெளியிலிருந்து ஒரு விரலால் தூக்கினால் திறந்துவிடும், குழந்தைகூடத் திறக்கலாம். உள்பக்கம் கைப்பிடி வைக்கவில்லை. திருடனுக்கு எதற்குக் கைப்பிடி? புதிய தாழ்ப்பாளைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை. பாதுகாப்பு விஷயத்தை ஊரெல்லாம் தண்டோரா போட முடியாது இல்லையா.

மதியம் அந்தப் பக்கம் போனேன். தற்செயலாக என்று முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதை அடித்துவிடுங்கள். வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஸ்ப்ரேயரோடு வந்தார், கொண்டியைத் தூக்கினார், உள்ளே போனார். கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை. வேலைக்காரன் என்ற முறையில் ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் போனேன். தகரம் கை வைக்க முடியாத சூடு. விதிப்படி கேட்டேன்.

"யாரு?"

"நான்தான் மச்சான்."

நான் கொண்டியைத் தொடவில்லை. உள்ளே ஒரு சிரிப்பும் அதன் பின்னாலேயே இருமலும் வந்தது.

"ஆமா, அப்படிச் சொல்லக் கூடாதுல்ல. உங்க இரவல் வந்திருக்கேன். கதவு எப்படியோ சாத்திக்கிச்சு. மருந்து வாடை வேற. கொஞ்சம் சீக்கிரம் திறங்க."

"சத்தம் போடாதீங்க மாப்பிள்ளை. ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்."

உள்ளே மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. அந்த விசில் சத்தம் எனக்குப் பழக்கமானதுதான்.

"ஆளுங்க எதுக்கு மச்சான்? ஆளுங்க வந்தா உங்களுக்கில்ல அசிங்கம்?"

இதை அவர் மிரட்டலாகச் சொல்லியிருந்தால் அப்போதே திறந்திருப்பேன். மிரட்டுகிறவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அக்கறையாகச் சொன்னார். அந்த நிலைமையிலும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க என்னிடம் இரவல் வாங்கிய மனுஷன், ஐயா. அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை.

குழு உறுப்பினர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள், எழுப்புவது மரியாதை இல்லை. நேராகப் போலீஸுக்கே போவது என்று முடிவு செய்தேன். போன் இருந்தது, ஆனால் இந்த மாதிரி விஷயத்தை நேரில் சொல்வதுதான் முறை. வீட்டுக்குப் போய்க் குளித்தேன். இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருந்தது, அதைப் போட்டேன். சைக்கிளுக்குக் காற்றடித்தேன். ஸ்டேஷனில் உங்கள் ஏட்டையா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரமா என்று கேட்டார். இல்லைங்க, ஆள் உள்ளேதான் இருக்கிறார், நிதானமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருக்கு நினைவிருக்கும். இரண்டாவது முறை சாம்பார் ஊற்றிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தட்டுகிற சத்தம் இல்லை. கொண்டியை நானே தூக்கினேன், ஒரு விரலால். மாப்பிள்ளை கதவோடு கதவாகச் சாய்ந்திருந்தார், மூச்சு நின்றிருந்தது. ஸ்ப்ரேயர் மட்டும் மூலையில் அதன் ஆணியில் ஒழுங்காக மாட்டியிருந்தது, வார் புதிதாகத் தைத்து.

திருடன் பிடிபட்டான் என்று ஊர் முடிவு செய்தது. சொந்தத் தங்கை புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லையே, தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கோழிப்பண்ணைக்காரர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். நடிப்பு இல்லை. எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கும். ஊரில் என் ஜோக்குக்குக் கடைசிவரை காத்திருந்து சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

என் தங்கை மட்டும் அழவில்லை. எல்லாரும் போன பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவர் எடுக்கப் போகல. வைக்கப் போனார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணும் வைக்கறதுக்கு முன்னாடி நான்தானே துடைச்சுக் குடுத்தேன். உன் பேர் கெட்டுடக் கூடாதுன்னு அந்த மனுஷன் தூங்கவே இல்ல." பிறகு கேட்டாள், "உன்னைக் கூப்பிட்டாரா?"

இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. தாழ்ப்பாள் வைத்தது நான், யாருக்காக வைக்கிறேன் என்று தெரிந்தே வைத்தேன். தட்டினதையும் கூப்பிட்டதையும் கேட்டேன். திறக்காமல் போனேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரு சின்ன விண்ணப்பம் மட்டும். என் தங்கை வீட்டுப் பின்கதவு ரொம்ப நாளாகச் சரியில்லை, ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். சரிசெய்து தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், என்னை வாசலோடு அனுப்பிவிடுகிறாள். நீங்களாவது யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருக்கிற பெண் பிள்ளை, ஐயா. யார் மனசில் என்ன இருக்கிறது என்று இந்தக் காலத்தில் யாரால் சொல்ல முடிகிறது?