பெட்டை எலிகளின் பக்கம்

பூங்காவனம்: அந்த மாத்திரைய என் கண்ணு முன்னால வைக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?

கோதண்டம்: நான் வைக்கலமே. டம்ளர் எடுக்கும்போது கீழ வுழுந்துச்சு. புருசன் ஊட்டுக்குள்ள வந்ததும் வராததுமா...

பூங்காவனம்: தூக்கிச் சாக்கடைல போடு. வலிக்குன்னு மூணு மாசம் முழுங்கினேன். பாரு, வெரலு மொளி ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு மாதிரி வீங்கிக் கீது. மோட்டாருக்குக் காயில் கம்பி சுத்தறவளுக்கு வெரலு இல்லன்னா இன்னா கீது?

கோதண்டம்: உங்க ஃபேக்டரி டாக்டர் இன்னா சொன்னாரு?

பூங்காவனம்: உனுக்குத் தெரியாதா? எங்க ஃபேக்டரி கீற தொழிற்பேட்டைல இந்தப் புது மாத்திரைய நாப்பது ஆம்பளைங்களுக்குக் குடுத்தாங்களாம். எல்லாருக்கும் வலி கொறஞ்சிடுச்சாம். என்னையும் சேத்து எட்டுப் பொம்பளைங்களுக்குக் குடுத்தாங்க. ஒருத்திக்கும் கொறையலயாம். அதனால...

கோதண்டம்: அதனால?

பூங்காவனம்: அதனால நாங்க நடிக்கிறோமாம். லீவுக்காக வலின்னு சொல்றோமாம். சூப்பர்வைசர் துலுக்கானம் முட்டி வீங்கி நொண்டிகினு இருந்தான். அதே மாத்திரையத் துன்னுட்டு இப்போ மாடிப்படி ஓடி ஏறுறான். ஏறி வந்து, 'இன்னாம்மா, உனுக்கு மட்டும் வேற வலியா'ன்னு கேக்கறான்.

கோதண்டம்: அவன் கெடக்கறான் வுடு.

பூங்காவனம்: அவன் கெடக்கட்டும். நீ இன்னா சொன்ன? சோத்துப் பானைய எறக்க முடியலன்னு கூப்டேன். 'பாதி வலி மனசுலதான்மே'ன்ன. உங்க கம்பெனி மருந்தாச்சே, வுட்டுக்குடுப்பியா?

கோதண்டம்: நான் இன்னா டாக்டரா? எலிக் கூண்டு கழுவுறவன்.

பூங்காவனம்: கூண்டு கழுவுறவன்தானே வந்து கதை கதையா அளந்த? நரம்புல கதவு கீது, அது கீதுன்னு...

கோதண்டம்: கதை இல்லமே. நரம்புல சின்னச் சின்னக் கதவு. அது வழியா சுண்ணாம்புச் சத்து உள்ள போனாத்தான் வலின்ற சேதி மேல போவும். இந்த மருந்து கதவ அடைச்சிடும். நானே பாத்தேன். எலிக்குக் கால்ல ஊசி போட்டு வீங்க வைப்பாங்க. சூட்டுத் தகட்டுல வுட்டா நாலு செகண்டுல கால தூக்கிடும். மருந்து குடுத்தா பன்னெண்டு செகண்டு அப்படியே நிக்கும்.

பூங்காவனம்: எல்லா எலியுமா?

கோதண்டம்: அந்த டம்ளர இப்படிக் குடு, தண்ணி குடிக்கறேன்.

பூங்காவனம்: கேக்கறேன்ல. எல்லா எலியுமா?

கோதண்டம்: எல்லாம் ஆம்பள எலி.

பூங்காவனம்: பெட்டை எலி?

கோதண்டம்: பெட்டை வாங்கறதே இல்ல. அதுக்கு ஒடம்பு மாறிகினே இருக்கும், கணக்கு சரியா வராதுன்னு எங்க சார் சொல்வாரு.

பூங்காவனம்: எனுக்குந்தான் மாறுது. எனுக்கு மட்டும் மாத்திரைய குடுக்கலாமா? யோவ்... ஏன் தலைய குனியுற?

கோதண்டம்: ஒரே ஒரு வாட்டி... போன வருசம், தொண்ணூத்தி மூணு மே மாசம். ரெண்டு நாளு கரண்ட் இல்ல. வெக்கைல ஆம்பள எலி முக்காவாசி செத்துடுச்சு. அவசரத்துக்குப் பன்னெண்டு பெட்டைய வச்சிப் பாத்தாங்க.

பூங்காவனம்: பாத்து?

கோதண்டம்: மருந்து குடுத்தும் நாலு செகண்டுதான். பன்னெண்டும் கால தூக்கி நக்கிகினே இருந்துச்சு. கடியாரம் புடிச்சது நான்தான்.

பூங்காவனம்: அப்புறம்?

கோதண்டம்: நோட்டுல அந்தப் பக்கத்தக் கிழிக்கச் சொன்னாரு சார்.

பூங்காவனம்: கிழிச்சியா?

கோதண்டம்: வேலை பர்மனென்ட் ஆவற நேரம் அது...

பூங்காவனம்: கிழிச்ச. மூணு மாசமா என் பக்கத்துல படுத்துகினு, நான் கைய அக்குள்ள வச்சி அழுவறதப் பாத்துகினு... மனசுலதான் வலின்ற. உனுக்குத் தெரியும். நீ உன் கண்ணால பாத்திருக்க.

கோதண்டம்: எலி வேற, மனுசன் வேறன்னு நெனச்சிக்கினேன்.

பூங்காவனம்: துலுக்கானத்துக்கு நல்லானப்போ மட்டும் எலியும் மனுசனும் ஒண்ணா?

கோதண்டம்: திட்டு. நல்லா திட்டு.

பூங்காவனம்: உன்னத் திட்டி இன்னா ஆவப்போவுது? எனுக்கு இன்னிக்கு வார லீவு. உனுக்கு இன்னா? மணி ரெண்டுதான் ஆவுது, ஊட்ல குந்திகினு கீற?

கோதண்டம்: அதச் சொல்லத்தான் வந்தேன். நீ எங்க வுட்ட... எங்க கம்பெனிக்குப் பம்பாய்ல இருந்து பெரிய ஆபீசருங்க வந்துகீறாங்க. இந்த மாத்திரையப் பத்திக் கடைசி ரிப்போர்ட் எழுதறாங்க. நான் கூண்டுத் தட்டு கழுவிகினு இருந்தவன் நேரா உள்ள பூந்துட்டேன்.

பூங்காவனம்: பூந்து?

கோதண்டம்: சொல்லிட்டேன். பன்னெண்டு பெட்டை, நாலு செகண்டு, பக்கத்தக் கிழிச்சது நான்தான்னு. சாரு மூஞ்சி செத்துப்போச்சு. கேட் பாஸ வாங்கிகினாங்க. நாளைல இருந்து வரவேணாமாம்.

பூங்காவனம்: வேலை... போச்சா?

கோதண்டம்: போவட்டும். அந்த பம்பாய்க்காரரு ஒரு வார்த்தை சொன்னாரு. 'நோட்டுப் பக்கம் இல்ல, நீ சொல்றத மட்டும் நம்ப முடியாது. அந்த எட்டுப் பொம்பளைங்க எழுதிக் குடுத்தத வரவழைச்சிப் பாக்கறோம். வலி கொறையலன்னு அதுல இருந்தா மருந்த நிறுத்திடறோம்'னாரு. அது போதும்மே. நீங்க எட்டுப் பேரும் வலி கீதுன்னுதானே சொல்லிக் கீறீங்க... இன்னாமே? ஏன் அப்படிப் பாக்கற?

பூங்காவனம்: ஒரு நாளு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாய்யா?

கோதண்டம்: ஏன்?

பூங்காவனம்: நேத்து ஷிப்ட் முடிஞ்சதும் எட்டுப் பேரயும் ஆபீஸ்ல நிக்க வச்சாங்க. வலின்னு சொல்றவளுக்கு இனிமே காயில் வேலை இல்லன்னாங்க. ஜெகதாம்பா அழுதுகினே மொதல்ல போய் நின்னா. அப்புறம்...

கோதண்டம்: அப்புறம்? ஏய், எதுலயாச்சும் கையெழுத்துப் போட்டியா?

பூங்காவனம்: 'வலி சுத்தமா நின்னுடுச்சு'ன்னு அவங்களே டைப் அடிச்சி வச்சிருந்தாங்க. கையெழுத்துப் போடத்தான் போனேன்... பேனாவ மடக்கிப் புடிக்க வெரலு வரலய்யா. கைநாட்டு வச்சேன்.