கிளிப்பச்சைத் துணியும் கைமாறிய செல்பேசியும்

என் பேச்சுக்கு அளவெடுக்க மேசைமணியோடு அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! கிழிந்ததை இணைத்து, இணைந்ததை அழகாக்கி, அழகானதை அரங்கேற்றும் தையற்கலைஞர் சங்கத்துச் சான்றோர்களே! ஊசியின் காதில் நூலையும் என் காதில் உண்மையையும் கோக்கத் தெரிந்த தாய்மார்களே! ஒரு கண்ணை என்மீதும் மறு கண்ணைச் செல்பேசித் திரைமீதும் வைத்திருக்கும் இளைஞர் பெருமக்களே! வணக்கம்!

வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம். பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறோம். பழைய மிதிவண்டிக்கும், அதை எவரும் தொடமாட்டார் என்று தெரிந்தும், பூட்டுப் போடுகிறோம்! ஆனால் சட்டைப்பைக்குள்ளே ஒரு வீட்டையே சுமக்கிறோமே, அதன் கதவை என்ன செய்தோம்?

உங்களில் ஒருவர், தையற்கடை நடத்தும் ஒரு பெண்மணி. பெயர் சொல்லமாட்டேன். முன்வரிசைத் தம்பி, அக்கம்பக்கம் திரும்பாதே, கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும்!

அவர் கடையில் ஒரு வழக்கம். கையில் அளவு நாடா, வாயில் குண்டூசி. எழுதுவதற்கு ஏது மூன்றாவது கை? எனவே வருகிற பெண்கள் சொல்வதை எல்லாம் செல்பேசியிலே குரலாகப் பதிவு செய்வார். பொருத்திப் பார்க்கும் அறையின் திரைக்குப் பின்னே, ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தையற்காரியிடம் பேசுவது சாதாரணப் பேச்சா? கண்ணாடியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அங்கே சொல்வார்கள். அத்தனையும் அந்தச் செல்பேசியில்! பூட்டு? திரையில் ‘ட’ என்று ஒரு கோடு. கடையில் உள்ள அத்தனை பேருக்கும் அதே ‘ட’. யார் கை சும்மா இருக்கிறதோ அவர் திறக்கலாம்!

புதுச் செல்பேசி வந்தது. பழையதைச் செல்பேசிக் கடையிலே விற்றார். அந்தக் கடைக்காரர் பூட்டைக் கேட்டார். இவர் பெருமையோடு ‘ட’ போட்டுக் காட்டினார். சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று கிளம்பிவிட்டார். பழைய செல்பேசியை அங்கே வாங்கியவர் யார் தெரியுமா? இவருடைய வாடிக்கையாளர், மகனுக்குத் திருமணம் வைத்திருந்த ஓர் அம்மையார்!

அந்த அம்மையார் ஏதோ ஒன்றைத் தொட்டார். செல்பேசி பேசியது. யாருடைய குரல்? வரப்போகும் மருமகளின் குரல்!

“அக்கா, அத்தை எடுத்த இந்தக் கிளிப்பச்சைத் துணிய எப்படியாச்சும் ஒழிச்சுக் கட்டுங்க. இஸ்திரி போடும்போது கருகிடுச்சுன்னு சொல்லிடலாம். இதைப் போட்டா கல்யாணப் பொண்ணு மாதிரியா இருப்பேன்? கூண்டுலேர்ந்து தப்பிச்ச கிளி மாதிரி இருப்பேன்!”

சிரிக்கிறீர்கள்! அம்மையார் சிரிக்கவில்லை. கொதித்தார். நாளை இரு வீட்டாரும் கூடும்போது, கூடத்தின் நடுவிலே இதை ஒலிக்க விடுவேன் என்று உறுதி பூண்டார். ஒரு பெண்ணின் திருமணம், ஒரு விரல் அழுத்தத்தின் தூரத்தில் நின்றது!

அடுத்து என்ன இருக்கிறது என்று இன்னொரு முறை தொட்டார். அடுத்த குரல்… அவருடைய குரல்! எப்போதோ திரைக்குப் பின்னே, தையற்காரியிடம் மட்டும் அவர் சொன்ன சொல்.

என்ன சொல்லியிருந்தார் என்று பின்வரிசை கேட்கிறது. சொல்லமாட்டேன்! சொன்னால் எனக்கும் அந்தப் பூட்டில்லாத செல்பேசிக்கும் என்ன வேறுபாடு?

அம்மையார் நேரே தையற்கடைக்கு வந்தார்.

“ஏம்மா, இது யார் போன்னு தெரியுதா?”

“அட, என்னோட பழசு! உங்க கைக்கா வந்துச்சு? நல்லா உழைக்கும்க்கா. சிம்மை எடுத்துட்டுத்தான் குடுத்தேன். அது வெறும் டப்பா.”

“டப்பாவா? இந்த டப்பா பேசுது, கேக்குறியா?”

கிளிப்பச்சை ஒலித்தது. திரை விலகியது. பொருத்திப் பார்க்க வந்திருந்த மணப்பெண், தோள் முழுக்கக் குண்டூசியோடு வெளியே வந்தாள்.

“அத்தை…”

“ஏன்டி, அவ்வளவு மோசமாவா இருக்கு நான் எடுத்தது?”

“மோசம் இல்லத்தை. எனக்கு எடுப்பா இல்ல.”

“இதை நேர்ல சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“பயமா இருந்துச்சு. இப்ப… வீட்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டீங்களா?”

“காட்டத்தான் இருந்தேன். அதுக்குள்ள என் குரலே வந்து என் வாயை அடைச்சிடுச்சு.” அம்மையார் தையற்காரர் பக்கம் திரும்பினார். “உன்னை நம்பித்தானேம்மா சொன்னேன்?”

தையற்காரர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “நான் சத்தியமா நினைக்கலக்கா. இனி யாரு என் கடைக்கு வந்து வாயைத் திறப்பாங்க?”

“அழுகையை அப்புறம் வச்சுக்கோ. முதல்ல இதைத் துடை. அவ பேச்சு, என் பேச்சு, ஊர்ப் பேச்சு, எல்லாத்தையும்!”

“அப்ப நீங்க கேட்டது அத்தை?”

“கேட்டது காதுதான்டி. வாய்க்கு அதுல வேலை இல்ல.”

மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் செல்பேசியை அடியோடு அழித்தார்கள்.

அன்பர்களே! சிம் என்பது வாசற்பலகை. பலகையைக் கழற்றினால் வீடு காலியாகிவிடுமா? செல்பேசியைக் கைமாற்றுமுன் வேண்டியதை வேறிடத்தில் சேமியுங்கள், கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள், நினைவக அட்டையைக் கழற்றுங்கள், பின்பு அமைப்புகளுக்குள் சென்று முழுவதையும் அழித்துவிடுங்கள். ஊருக்கே தெரிந்த ‘ட’வை விட்டுவிட்டு, உங்களுக்கு மட்டுமே தெரிந்த பூட்டைப் போடுங்கள். உங்கள் இரகசியத்துக்காக மட்டுமா? உங்களை நம்பி உங்கள் செல்பேசிக்குள் குடியிருக்கிறார்களே, அவர்களுக்காக! என் அந்தரங்கம் என் உரிமை. பிறர் அந்தரங்கம் என் பொறுப்பு! என்னை நம்பிச் சொன்ன சொல் என் கையை விட்டுப் போகுமானால், அந்தக் கைக்குச் செல்பேசி எதற்கு? செருக்கு எதற்கு?

மணியை நோக்கித் தலைவர் கை நீள்கிறது. ஐயா, ஓரம் மட்டும் அடித்துவிடுகிறேன்!

கிளிப்பச்சை என்னவாயிற்று? திருமணத்தன்று அதை மாமியாரே தம் அளவுக்குத் தைத்து அணிந்து வந்தார். மருமகள்தான் முதலில் சொன்னாளாம்: “அத்தை, உங்களுக்கு எடுப்பா இருக்கு!” இம்முறை நேரிலே சொன்னாள்; எந்தச் செல்பேசியும் பதிவு செய்யவில்லை.

கதையை அவைக்குச் சொல்ல அனுமதித்து, பெயரைத் தங்களிடமே வைத்துக்கொண்ட அந்த மூவருக்கும், மணியை அடிக்காமலே பொறுத்த தலைவருக்கும், காது கொடுத்த உங்களுக்கும் நன்றி கூறி, உங்கள் வாயை நம்பி விடைபெறுகிறேன். வணக்கம்!