செல்வி சொன்ன ராக்கெட் கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பிய ராஜபாளையம் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்: "ஏட்டி செல்வி, அந்தப் பச்சை மனுசன் செத்துல்ல போறான்."

நான் பார்த்துக்கொண்டிருந்த போனை அணைத்துவிட்டேன்.

"எந்தப் பச்சை மனுசன்?" என்று கேட்டார் செல்வி.

"நாம மில்லுல இருக்கும்போது டிவில இங்கிலீஷ்ல ஓடுமே, ராக்கெட் கதை, அதுல வார பச்சை மூஞ்சிக்காரன். எங்க வீட்டுல டிவி கிடையாது. நீதான பாத்துட்டு வந்து, மிஷின் சத்தத்துல காதுக்குள்ள வாய வச்சு எனக்குச் சொல்லுவ. இப்ப எம்மவன் அம்புட்டையும் டிவிடில வாங்கியாந்துட்டான். மருமவ தமிழ்ல சொல்லச் சொல்லப் பாத்தேன். நீ சொன்னதுல பாதி அதுல இல்ல."

செல்வி சிரித்தார். "எனக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமாக்கும்? மூஞ்சியப் பாத்து நானா சொன்னதுதான்."

"அவன் செத்தது பாத்தாலே தெரியுதே. அவன் அம்மாட்ட திரும்பிப் போயிட்டான்னுல்ல நீ சொன்ன?"

செல்வி அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க அய்யா காரியம் முடிஞ்சு அன்னைக்குத்தான் நீ திரும்ப வேலைக்கு வந்த. உங்கிட்டப் போயி எப்படிட்டி சொல்ல, செத்துட்டான்னு?"

அந்த அம்மா செல்வியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் ராஜபாளையத்துக்குள் நுழைந்தபோது சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. முதல்லருந்து போடச் சொல்லுதேன். டிவி சத்தத்தை அமத்திருவோம். நீ சொல்லு."